ஒன்பதாவது வாரத்தில் வைட்டமின் டி 9.2: பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு

கேள்வி இதுதான். முதல் கர்ப்பம், ஒன்பதாவது வாரம். காலை எட்டரைக்கு அலுவலக பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. முதல் செக்கப்பில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9.2 என்று வந்திருக்கிறது, பக்கத்தில் 'குறைபாடு' என்று தடித்த எழுத்தில். டாக்டர் வாரம் ஒரு 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் எழுதித் தந்திருக்கிறார். மாமியார், "மூணு மாசம் முடியறதுக்குள்ள அவ்வளவு பவர் ஆகாது, காலையில மொட்டை மாடியில நின்னா போதும்" என்கிறார். இணையத்தில் தேடினால் கருச்சிதைவு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று வரிசையாக வருகிறது. மருந்தைச் சாப்பிடலாமா? குழந்தைக்கு ஏற்கெனவே ஏதாவது ஆகியிருக்குமா? கல்யாணமாகி ஆறு மாதமான தங்கையும் இந்த டெஸ்டை எடுக்க வேண்டுமா?

மகப்பேறு மருத்துவராகப் பல வருடங்களாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எண் மட்டும்தான் மாறும். சில நாள் 9, சில நாள் 14, ஒருமுறை 4.

முதலில் பயத்துக்குப் பதில். இப்போது உங்கள் குழந்தை ஒரு திராட்சைப் பழம் அளவுதான். அதன் எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பு. பிறக்கும்போது ஒரு குழந்தையின் உடம்பில் ஏறத்தாழ 30 கிராம் கால்சியம் இருக்கும். அதில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் ஏறுகிறது. ஆகவே இந்த ஒன்பதாவது வாரத்தில் உங்கள் எலும்பைக் கரைத்துக் குழந்தை எதையும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. இந்த எண்ணைச் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது. நான் சொல்லப்போவதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

ஆனால் உடம்பு சும்மா இருப்பதில்லை. கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே வைட்டமின் டியின் செயல்படும் வடிவம் தாயின் ரத்தத்தில் ஏற ஆரம்பித்து, பன்னிரண்டாவது வாரத்துக்குள் இரண்டு மடங்கை எட்டிவிடும். அதையொட்டிக் குடல் கால்சியத்தை உறிஞ்சும் அளவும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பின்னால் வரப்போகும் செலவுக்கு முன்கூட்டியே வரவு வைக்கும் ஏற்பாடு. நஞ்சுக்கொடியும் கருப்பையின் உள்சுவரும் தாமே இந்த வைட்டமினைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். அப்பாவின் பங்கும் சேர்ந்திருப்பதால் பாதி அந்நியமான ஒரு கருவை அம்மாவின் நோயெதிர்ப்பு மண்டலம் ஏற்றுக்கொள்வதில் இதற்குப் பங்கு இருக்கலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் கிளம்பியது. கருச்சிதைவோடும் ரத்தக்கொதிப்போடும் வைட்டமின் டியை முடிச்சுப் போட்டு நீங்கள் படித்ததற்கெல்லாம் வேர் அதுவே.

அந்தக் கட்டுரைகளில் இரண்டு வகை உண்டு. வைட்டமின் டி குறைவாக இருந்த பெண்களுக்கு இன்னின்ன தொல்லை அதிகம் வந்தது என்பது ஒரு வகை. வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தபோது அந்தத் தொல்லை குறைந்ததா என்பது இன்னொரு வகை. முதல் வகைதான் செய்தியாகிறது. ஆனால் வைட்டமின் டி குறைவாக இருப்பவர்கள் பல சமயம் எடை கூடியவர்கள், வெளியே நடக்காதவர்கள், ஏற்கெனவே வேறு நோய் உள்ளவர்கள். குற்றவாளி வைட்டமினா, மற்றதா என்று அந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

நம் பக்கத்துக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். லக்னோவில் நடந்து 2005-ல் வெளிவந்த ஆய்வில் கர்ப்பிணிகளில் 84 சதவீதம் பேருக்கு அளவு 22.5-க்குக் கீழே இருந்தது. மைசூரில் 559 கர்ப்பிணிகளைப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வில் 66 சதவீதம் பேர் 20-க்குக் கீழே. அதே மைசூர் ஆய்வில், அளவு குறைந்தவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை கூடுதலாக வரவில்லை, பிறந்த குழந்தையின் அளவிலும் வித்தியாசமில்லை. மூன்றில் இரண்டு கர்ப்பிணிகளுக்கு இருக்கும் குறை உங்களுக்கும் இருக்கிறது என்று இதைப் படியுங்கள்.

கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் பெரிதாகக் கைதட்டும்படி இல்லை. டாக்காவில் 1,300 கர்ப்பிணிகளுக்கு, அதிகபட்சம் வாரம் 28,000 யூனிட் வரை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-ல் வந்தது. அம்மாக்களின் ரத்த அளவு ஏறியது, குழந்தைகளின் வளர்ச்சியில் மாற்றமில்லை. இங்கிலாந்தில் பதினான்காவது வாரத்திலிருந்து தினம் 1,000 யூனிட் கொடுத்ததில் பிறந்த குழந்தைகளின் எலும்பில் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை, குளிர்காலத்தில் பிறந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் நன்மை தெரிந்தது. உலகத்து ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2019-ல், வைட்டமின் டி கர்ப்பகால ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் குறைக்கக்கூடும் என்று எழுதியது. 2024-ல் நம்பகத்தன்மை போதாத ஆய்வுகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டபோது, அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று பின்வாங்கியது. ஒரு மருத்துவராக எனக்கு இந்தப் பின்வாங்கல்தான் மதிப்புக்குரியதாகத் தெரிகிறது.

அப்படியானால் விட்டுவிடலாமா என்றால், கூடாது. மேலே சொன்னவற்றில் பல, சுமாரான குறை உள்ளவர்களையும் சேர்த்துப் பார்த்தவை. கடுமையான குறை என்ன செய்யும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1920-களில் காஷ்மீரில் வேலை பார்த்த கேத்லீன் வாகன் என்ற பெண் மருத்துவர், வெயில் படாமல் பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு மென்மையாகி வளைந்து, பிரசவ வழியே அடைபட்டுப்போனதைப் பதிவு செய்தார். அந்த அளவுக்கு இன்று நாம் பார்ப்பதில்லை. ஆனால் குழந்தைக்குத் தாயைத் தவிர வேறு வரவு கிடையாது. தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்கும் அளவு தாயின் அளவில் முக்கால் பங்கைச் சுற்றித்தான் நிற்கும். அம்மா 9-லேயே பிரசவம் வரை போனால் பிள்ளை 6, 7-ல் பிறக்கும். தாய்ப்பாலிலும் இந்த வைட்டமின் மிகக் குறைவு. அப்படிப் பிறந்த சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கி வலிப்பு வரும். தவிர்க்க வேண்டியது இதைத்தான். அதற்கு இன்னும் முப்பது வாரம் இருக்கிறது.

இனி அந்த எண். ரிப்போர்ட்டில் 30-க்குக் கீழ் எல்லாவற்றையும் 'போதாது' என்று அச்சடிக்கும் வழக்கம் 2011-ல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் போட்ட கோட்டிலிருந்து வந்தது. அதே சங்கம் 2024-ல் அந்தக் கோட்டை அழித்துவிட்டது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டாம், பொதுவாகவே கொஞ்சம் வைட்டமின் டி கொடுத்துவிடலாம் என்பது அவர்களுடைய இப்போதைய நிலை. எலும்புக்கு 20 இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் போதும். 24 என்று வந்து அழுதுகொண்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புவேன். உங்கள் 9.2 அப்படியல்ல. 12-க்குக் கீழே வந்தால் எந்தக் கோட்டை வைத்துப் பார்த்தாலும் குறைபாடுதான். இன்னொன்று, லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் நாத்தனார் "எனக்கு 50 இருக்கு, உனக்கு ஒன்பதா?" என்று கேட்டால் பதறாதீர்கள். அங்கே அளவிடும் அலகு வேறு. அவருடைய எண்ணை 2.5-ஆல் வகுத்தால்தான் நம் எண். அவருக்கு இருப்பது 20.

மருந்துக்கு வருகிறேன். நம் ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பரிந்துரைக்கும் அளவு தினம் 600 யூனிட். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் ஒருவர் தொடர்ந்து சாப்பிடக்கூடிய உச்சவரம்பு தினம் 4,000. குறை உள்ள கர்ப்பிணிக்குத் தினம் 1,000 முதல் 2,000 வரை பாதுகாப்பு என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி வாரம் 20,000 வீதம் நாலு முதல் ஆறு வாரம் என்றது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் சுற்றிச் சுற்றி இரண்டாயிரம், மூவாயிரத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

வாரம் 60,000 என்றால் நாளொன்றுக்கு எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டும். இது கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கு எட்டு வாரம் கொடுக்கும் முறை. நம் ஊரில் இந்த அளவுதான் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், வாரம் ஒருமுறை என்பதால் மறக்காமல் சாப்பிடுவார்கள், விலையும் குறைவு. அதனாலேயே கை தானாக அதை எழுதிவிடுகிறது. நானும் எழுதியிருக்கிறேன். விஷம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் ஏற்கெனவே ஒன்றிரண்டு பாக்கெட் குடித்திருந்தால் அதை நினைத்துத் தூக்கம் கெடுக்க வேண்டாம். ஆனால் முதல் மூன்று மாதத்தில், அவசரமே இல்லாத ஒரு விஷயத்துக்கு, தினம் 2,000 யூனிட் மாத்திரையோடு ஆரம்பிப்பதுதான் இப்போது என் வழக்கம். அளவு மெதுவாகத்தான் ஏறும், ஏறட்டுமே. அந்த வகையில் உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. அளவைப் பற்றி அவர் தயங்கியது நியாயம், மாற்றாகச் சொன்னதுதான் பலிக்காது. அதைப் பிறகு சொல்கிறேன். உங்களை நேரில் பார்த்தவர் உங்கள் டாக்டர். உங்கள் எடை, பழைய நோய்கள், சிறுநீரகக் கல் வந்த கதை எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதனால் இந்தப் பதிலை வைத்து மருந்தை நிறுத்தாதீர்கள். போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை எத்தனை வாரம் சாப்பிட வேண்டும், தினசரி சின்ன அளவாக மாற்றிக்கொள்ளலாமா?

முதல் கேள்வி எதற்கென்றால், நான் பார்த்த தவறுகள் எல்லாம் அங்கேதான். எட்டு வாரத்துக்கு எழுதியதை எட்டு மாதம் சாப்பிட்டவர்கள் உண்டு. அதைவிட மோசம், சீட்டில் 'வாரம் ஒன்று' என்று இருப்பதை 'ஓ.டி.' (தினம் ஒருமுறை) என்று படித்துத் தினம் ஒன்று குடித்தது. பாக்கெட் மீது ஸ்கெட்ச் பேனாவால் கிழமையை எழுதிவையுங்கள். ஞாயிறு என்றால் ஞாயிறு மட்டும். வைட்டமின் டி மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அதன் அடையாளம் வாந்தி, பசியின்மை, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், ஓயாத தாகம், சோர்வு. படித்ததும் தோன்றுகிறதல்லவா, இதெல்லாம் மசக்கையேதானே? அதுதான் சங்கடம். ஒன்பதாவது வாரத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். யாருக்கும் சந்தேகமே வராது. முதல் மூன்று மாதத்தில் பெரிய அளவை நான் விரும்பாததற்கு இது ஒரு காரணம்.

மூன்று லட்சம், ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்று உண்டு, 'ஒரே ஊசியில் சரியாகிவிடும்' என்பார்கள். கர்ப்பத்தில் வேண்டாம். கால்சியம் மாத்திரை வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். கால்சிட்ரியால் என்று இருந்தால் அது ஏற்கெனவே செயல்படும் வடிவத்தில் இருக்கும் வைட்டமின். சிறுநீரக நோயாளிகளுக்கும் வேறு சிலருக்கும் உரியது. உங்கள் கிடங்கை அது நிரப்பாது, 9.2 அப்படியேதான் நிற்கும். உங்களுக்குத் தேவை கோலிகால்சிஃபெரால், அதாவது டி3. வீட்டில் மீன் எண்ணெய் மாத்திரை இருந்தால் அது காட் மீனின் ஈரல் எண்ணெயா என்று பாருங்கள். அதில் வைட்டமின் ஏ-யும் சேர்ந்து வரும். அது மிஞ்சினால் முதல் மூன்று மாதத்தில் கருவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடியது. வைட்டமின் டிக்காக அந்த வழிக்குப் போக வேண்டாம்.

இது கொழுப்பில் கரையும் வைட்டமின். வெறும் வயிற்றில் விழுங்கினால் குறைவாகத்தான் உடம்பில் சேரும். பவுடரைப் பாலில் கலக்கலாம். உங்களுக்கு எந்த வேளையில் வாந்தி குறைவோ, அந்த வேளைச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள். பலருக்கு அது ராத்திரி. குடித்த கையோடு வாந்தி வந்துவிட்டால் உடனே இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்காமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

மொட்டை மாடிக்கு வருவோம். தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் மீது புற ஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி பிறக்கும். காலை ஏழு மணி இளவெயிலில் அந்தக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது காற்று மண்டலமே அதை வடிகட்டிவிடும். சென்னைக்குப் பக்கத்திலிருக்கும் திருப்பதியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். வருடம் முழுக்க, பகல் 11 முதல் 2 வரைதான் தோலில் நன்றாக உற்பத்தியாகிறது. சுலபமான அடையாளம் நிழல்தான். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வருகிறது, நீளமாக இருந்தால் இல்லை. மாசமான பெண் உச்சிவேளையில் வாசல் தாண்டக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். வேலைக்குப் போகிறவர்களுக்கோ உச்சிவேளை என்றால் ஏ.சி. அறை. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இந்தக் கதிர் வராது, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பயனில்லை. வருடத்தில் பெரும்பாலான நாள் வெயில் அடிக்கும் ஊரில் இத்தனை பேருக்குக் குறை இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். நம் தோலின் நிறமும் அந்தக் கதிரைத் தடுப்பதால் வெள்ளைத் தோல்காரர்களைவிட நமக்குக் கூடுதல் நேரம் தேவை.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் முழங்கை வரை வெயில் பட இருபது நிமிடம் நடந்தால் நல்லது. முகத்தில் வேண்டாம், கர்ப்பத்தில் மங்கு விழும், வெயில் அதை இன்னும் கறுப்பாக்கும். அக்னி நட்சத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள். தலைசுற்றலோடு இருக்கும் பெண்ணை அந்த வெக்கையில் நிறுத்துவது ஆபத்து. வெயிலால் மட்டும் 9.2-ஐ 20-க்கு ஏற்றப் பல மாதம் பிடிக்கும். வெயில் நடையை மருந்தோடு சேர்த்துச் செய்யலாம், மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

சாப்பாட்டில் தேடினால் ஏமாற்றம்தான். கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள் என்று எல்லோரும் சொல்வது கால்சியத்துக்கு. அவற்றில் வைட்டமின் டி இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். முட்டை மஞ்சள்கருவில் சுமார் 40 யூனிட். நீல நிறத்தில் 'எஃப்' என்று எழுதிக் கூட்டல் குறி போட்ட முத்திரை உள்ள செறிவூட்டிய பாலில், ஒரு லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட். மத்தி மீனில் உருப்படியான அளவு உண்டு, பாதரசம் குறைவு, விலையும் குறைவு. மீன் சாப்பிடும் வீடென்றால் வாரம் இருமுறை மத்திக்குழம்பு வையுங்கள், மசக்கை அனுமதித்தால்.

பதினான்காவது வாரத்திலிருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால்சியம் மாத்திரை தருவார்கள், தினம் இரண்டு. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியத்தோடு 250 யூனிட் டி3 இருக்கிறது. தனியாரில் பார்த்தாலும் இதேபோன்ற ஒன்றுதான் எழுதுவார்கள். அந்த 500 யூனிட்டையும் மொத்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கால்சியத்தைச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒன்று மதியம் என்றால் மற்றது ராத்திரி. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவரென்றால் அதற்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

சிறுநீரகக் கல், காசநோய், பாராதைராய்டு கோளாறு, வலிப்புக்கு மாத்திரை, எடை குறைக்கச் செய்துகொண்ட அறுவை சிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் முதல் டோசுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அங்கே கணக்கே வேறு.

மறுபரிசோதனையை மாதாமாதம் எடுத்துப் பணத்தைக் கரைக்காதீர்கள். ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை போதும். உங்களுக்கு அது ஐந்தாம் மாத ஸ்கேனை ஒட்டி வரும், அதோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். 20-ஐத் தாண்டியிருந்தால் சின்ன அளவில் தொடருங்கள். குழந்தை பிறந்ததும் அதற்குத் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து தருவார்கள், அம்மாவின் அளவு சரியாகிவிட்டாலும் அது தேவை.

தங்கைக்கு. அமெரிக்காவில், முன்பு கருச்சிதைவு கண்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2018-ல் முடிவு வெளியானது. கருத்தரிப்பதற்கு முன்னால் வைட்டமின் டி நல்ல அளவில் இருந்தவர்களுக்குக் கரு கலைவது குறைவாக இருந்தது. எட்டாவது வாரத்தில் எடுத்த அளவுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. இதுவும் மேலே சொன்ன முதல் வகை ஆய்வுதான், ஆதாரமாக நீட்ட மாட்டேன். ஆனாலும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே தினம் 600 முதல் 1,000 யூனிட் சாப்பிட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை. டெஸ்ட்கூட வேண்டாம். அதைவிட முக்கியம் ஃபோலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம். கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே ஆரம்பித்தால்தான் பலன் என்பதால், வைட்டமின் டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அவர் வாங்க வேண்டியது அந்த மாத்திரையை.